கமா எங்கே என்று நீங்களே சொல்லிவிட்டால்...

கோத்தகிரிப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் படுகர் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கூடவே மகனுடைய நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களின் போட்டோ. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பையனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு, ஆங்கில வழி, தமிழ் ஒரு பாடம். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர். வீட்டில் பேசுவது படுகு மொழி. பையன் வாயைத் திறந்தால் கதை கதையாகக் கொட்டுகிறான், எழுதச் சொன்னால் பக்கம் முழுக்க ஒரே ஓட்டம், புள்ளியும் கிடையாது, கமாவும் கிடையாது. அதனால் ஆறு மாதமாக அம்மாவே தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு உட்கார வைத்து ஒரு மணி நேரம் டிக்டேஷன் கொடுக்கிறார். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொல்கிறார், "கமா", "ஃபுல்ஸ்டாப்", "கொஸ்டின் மார்க்" என்று குறிகளையும் சேர்த்தே சொல்கிறார். அதில் இருபதுக்கு இருபது. பள்ளியில் சொந்தமாக எழுதினால் பழையபடி ஒன்றும் இல்லை. போன மாதம் வகுப்பு மிஸ் அந்த நோட்டோடு அவனை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்க வைத்திருக்கிறார், அன்றிலிருந்து நோட்டை எடுத்தாலே அழுகை. "ரெண்டு அடி போட்டால் தானாகச் சரியாகும்" என்கிறார் வீட்டுக்காரர். "பிள்ளையைப் படுத்தாதே" என்கிறார் மாமியார். "தமிழுக்கு ஏது கமா, அதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது" என்கிறார் கொழுந்தனார். டிக்டேஷனைத் தொடரலாமா, வீட்டில் படுகு பேசுவதுதான் காரணமா, இது கற்றல் குறைபாடா, டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதைவிட அதிக நேரம் அந்த இரண்டு போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் நீங்கள் சொல்லி அவன் எழுதியது. புள்ளிகளையெல்லாம் பென்சிலால் அழுத்திக் குத்தியிருக்கிறான், தாளே குழிந்துவிட்டது போலத் தெரிகிறது. வலது பக்கம் அவனாக எழுதிய ஊட்டிப் பயணம். "நாங்கள் சனிக்கிழமை ஊட்டிக்குப் போனோம் பஸ்ஸில் கூட்டம் அண்ணன் வாந்தி எடுத்தான் பூங்காவில் பெரிய மரம் இருந்தது அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார் மழை வந்துவிட்டது" என்று போகிறது.

அந்த வலது பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். "போனோம்" என்பதற்குப் பிறகும், "எடுத்தான்" என்பதற்குப் பிறகும், "தந்தார்" என்பதற்குப் பிறகும் மற்ற இடங்களைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இடம் விட்டிருக்கிறான். வாக்கியம் அங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கை நின்றிருக்கிறது, புள்ளி மட்டும் விழவில்லை. இந்தப் பிள்ளைக்கு எழுத்தில் ஒழுங்கு இல்லை என்று நீங்கள் எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் முழு வாக்கியமாக இருக்கிறது, நடந்தது நடந்த வரிசையில் இருக்கிறது. குறி போடுவது தன் வேலை என்பதுதான் இன்னும் அவனுக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாக அந்த வேலையை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தோட்ட வேலை, சமையல், மாமியாரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் முடித்துவிட்டு ராத்திரி பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காருவது லேசான காரியம் கிடையாது. அந்த நேரம் பலன் கொடுக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

டிக்டேஷனில் நடப்பது என்ன

நீங்கள் "கமா" என்று சொன்னதும் அவன் ஒரு வளைவு போடுகிறான். "யானை" என்று சொன்னால் யானை என்று எழுதுகிற மாதிரிதான் அதுவும். கேட்ட சொல்லுக்கு உரிய வடிவத்தை எழுதுகிறான், அவ்வளவுதான். அந்தக் கமா அங்கே ஏன் வந்தது என்று யோசிக்க அவனுக்கு அவசியமே வரவில்லை. அதனால்தான் இருபதுக்கு இருபது, அதனால்தான் பள்ளி நோட்டில் ஒன்றும் இல்லை. அங்கே "கமா" என்று சொல்ல அவன் பக்கத்தில் நீங்கள் இல்லையே.

இன்னொன்று. வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள், பள்ளிகளிலும்கூட. பிள்ளைக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான். ஆனால் "அப்பா... தோட்டத்துக்கு... போனார்... மழை... வந்தது" என்று சொல்லும்போது எல்லா இடைவெளியும் ஒரே அளவாகிவிடுகிறது. "போனார்" என்ற இடத்தில் குரல் இறங்குவதும், "மழை" என்று புதிதாக எடுப்பதும் காணாமல் போகிறது. எந்த இறக்கத்தைக் கேட்டுப் புள்ளி வைக்க வேண்டுமோ அதை நாமே அழித்துவிடுகிறோம். அடுத்த தடவை நான்கைந்து சொற்களைச் சேர்த்து, பேசுகிற மாதிரியே சொல்லிப் பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையால் அவ்வளவை மனதில் பிடித்து வைக்க முடியும். முடியாவிட்டால் மூன்று சொல்லாகக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் பொருள் முறிகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: டிக்டேஷனைத் தொடருங்கள். குறிகளின் பெயரை மட்டும் வாயால் சொல்லாதீர்கள்.

கொழுந்தனார் சொன்னது

அவர் சொன்னதில் பாதி உண்மை. பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் நிறுத்தக்குறிகள் போடவில்லை, சொல்லுக்குச் சொல் இடம் விடவும் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிடுவார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால். 1578இல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சானது, பிறகு அச்சு பரவப் பரவ ஐரோப்பியப் பழக்கத்திலிருந்து காற்புள்ளியும் அரைப்புள்ளியும் மேற்கோள்குறியும் நமக்கு வந்து சேர்ந்தன. ஆனால் ஓலையில் இருந்தது பெரும்பாலும் செய்யுள். யாப்பே எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிவிடும், ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னார். இன்று உங்கள் மகனின் பரீட்சைத் தாளை அவனைப் பார்த்தே இராத ஒருவர் தனியாக உட்கார்ந்து படிக்கப்போகிறார். அவருக்கு இந்தக் குறிகள் வேண்டும். கொழுந்தனாரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், பையனிடமே இந்த ஓலைக் கதையைச் சொல்லுங்கள். ஒரு காய்ந்த இலையை எடுத்து ஊசியால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், புள்ளி குத்தினால் என்ன ஆகிறது என்று அவனே பார்க்கட்டும். புள்ளி என்பது மிஸ் கண்டுபிடித்த தொந்தரவு என்ற நினைப்பு அவனுக்கு மாறும்.

காது மட்டும் போதுமா

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. "நிறுத்தும் இடத்தில் கமா என்றுதான் எங்கள் தமிழய்யா சொல்லிக்கொடுத்தார், காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வாய்பாடு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம், தொல்காப்பியம் சொல்கிற அளவு அது. ஆனால் இந்த வாய்பாடு எழுதியிருப்பதைப் படிப்பதற்கு. அதைத் திருப்பிப் போட்டு, மூச்சு விடும் இடத்திலெல்லாம் கமா என்று ஆக்கினால் தப்பாகிவிடும். "எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நின்றது" என்று சொல்லிப் பாருங்கள். "தோட்டத்தில்" என்ற இடத்தில் நம்மையறியாமல் சின்னதாக நிற்கிறோம். அங்கே காற்புள்ளி தேவையில்லை.

காதோடு கூடக் கொஞ்சம் இலக்கணமும் வேண்டும், பயப்பட வேண்டாம், நான்கே விஷயம்தான்.

முற்றுப்புள்ளிக்கு வினைமுற்றைத் தேடச் சொல்லுங்கள். தமிழில் வாக்கியத்தை முடித்து வைப்பது பெரும்பாலும் வினைமுற்றுதான். போனோம், எடுத்தான், இருந்தது, தந்தார். அந்தச் சொல் வந்ததும் "கதவு சாத்தியாச்சா?" என்று கேளுங்கள், சாத்தியாச்சு என்றால் புள்ளி. "பஸ்ஸில் கூட்டம்" போல வினையே இல்லாத வாக்கியமும் வரும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுக்கிச் சொல்லும்போது "உம்" இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "அம்மா, தம்பி, நான் மூவரும் கடைக்குப் போனோம்" என்றால் காற்புள்ளி வேண்டும். "அம்மாவும் தம்பியும் நானும் போனோம்" என்றால் வேண்டாம், அந்த வேலையை "உம்" செய்துவிடுகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க பஸ்ஸே போதும். மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் கூவுகிறாரே, கோத்தகிரி, அரவேனு, குஞ்சப்பனை, மேட்டுப்பாளையம் என்று, அதை எழுதச் சொல்லுங்கள். கமா போடாமல் எழுதினால் எத்தனை ஊர் என்றே வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

"என்று" வந்தால் யார் வாய்ச்சொல் என்று கேட்க வேண்டும். பாட்டி, "மழை பெய்ததா?" என்று கேட்டார். இதில் பாட்டி பேசியது அப்படியே இருக்கிறது, மேற்கோள்குறியும் உள்ளே வினாக்குறியும் வரும். மழை பெய்ததா என்று தெரியவில்லை. இதில் யாரும் யாரையும் கேட்கவில்லை, முற்றுப்புள்ளிதான். "யார்", "எங்கே", "ஆ" என்று எது வந்தாலும் கேள்விக்குறி போடுவது பெரியவர்களே செய்கிற தப்பு.

கடைசி விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. "இலையைப் பறித்துக் கூடையில் போட்டார்" என்று எழுதும்போது நடுவில் "க்" வருகிறது. "இலையைப் பறித்து, கூடையில் போட்டார்" என்று காற்புள்ளி போட்டால் அந்த "க்" போய்விடும். இரண்டு சொல்லும் ஒட்டி வந்தால்தான் ஒற்று மிகும், நடுவில் நிறுத்தினால் ஒட்டு விட்டுப்போகிறது. இதை இரண்டு விதமாகவும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். காற்புள்ளி என்பது தாளில் போடும் கோடு மட்டும் இல்லை, சொல்லின் ஒலியையே மாற்றுகிறது என்பது பிள்ளைக்குக் காதிலேயே கேட்கும். ஒற்றுப்பிழை பற்றியும் எழுதியிருந்தீர்கள், இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

இனிமேல் வீட்டில் எப்படி

ஒரு மணி நேரம் வேண்டாம். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் போதும், வாரத்தில் மூன்று நாள். ஏழரை மணிக்கு அவனுக்குத் தூக்கம் வரும், உங்களுக்கு முதுகு வலிக்கும். பள்ளி விட்டு வந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

முன்னறிவிப்பு இல்லாமல் எழுத வைக்கும் டிக்டேஷன் ஒரு பரீட்சை. பரீட்சையில் பிள்ளை கற்றுக்கொள்வது கொஞ்சம்தான். முதலில் படித்துப் பழகிவிட்டுப் பிறகு எழுதுவது வேறு வகை. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஷார்லட் மேசன் என்ற கல்வியாளர் இதைத்தான் வற்புறுத்தினார், வீட்டில் வைத்துப் பாடம் சொல்லும் பெற்றோர்கள் பலர் இன்றும் இதைப் பின்பற்றுகிறார்கள். நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி இப்படிச் செய்யலாம்.

மூன்று நான்கு வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்திலிருந்தே எடுக்கலாம், நீங்களே எழுதினால் இன்னும் நல்லது. மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன்:

காலையில் பனி விழுந்திருந்தது. அப்பா ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். வாசலில் நின்ற பாட்டி, "இந்நேரத்தில் எங்கே போகிறாய்?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்வதற்குள், புதருக்குப் பின்னால் காட்டெருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

இதில் முற்றுப்புள்ளி நான்கு, காற்புள்ளி நான்கு, வினாக்குறி ஒன்று, மேற்கோள்குறி ஒரு ஜோடி. திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு குறியையும் விரலால் தொட்டு, "இது இங்கே எதற்கு?" என்று அவனைக் கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லட்டும். எந்தக் குறியை எடுத்துவிட்டால் படிப்பவர் குழம்புவார் என்று கேட்டால் இன்னும் உற்சாகமாகச் சொல்வான். புதன்கிழமை அதே பத்தியைக் குறிகள் எதுவும் இல்லாமல் நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவன் குறி போடட்டும். வெள்ளிக்கிழமைதான் டிக்டேஷன்.

அன்றைக்கு முதலில் முழுப் பத்தியையும் சாதாரணமாகப் பேசுகிற வேகத்தில் ஒரு தடவை வாசியுங்கள், அவன் பென்சிலைத் தொடக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். பிறகு நான்கைந்து சொல்லாக, குரல் ஏற்ற இறக்கத்தோடு. குறியின் பெயரைச் சொல்லாதீர்கள். அதே சமயம் கமா வரும் இடத்தில் கண்ணை உருட்டுவது, புள்ளி வரும் இடத்தில் அவன் முகத்தையே பார்ப்பது, இதுவும் வேண்டாம், பிள்ளைகள் நம் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். கடைசியாக இன்னொரு தடவை முழுதாக வாசியுங்கள், அப்போது அவன் விட்டதைப் போட்டுக்கொள்ளலாம்.

திருத்துவது அவன் வேலை. மூலத்தைப் பக்கத்தில் வைத்து அவனே ஒப்பிட்டு, சரியாகப் போட்ட குறிகளை வட்டம் போட்டு எண்ணட்டும். சிவப்புப் பேனாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் முற்றுப்புள்ளியை மட்டும் எண்ணுங்கள். மற்றவை தப்பாக இருந்தாலும், எழுத்துப்பிழை இருந்தாலும் அன்றைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், கை துறுதுறுவென்று வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளாது.

இதோடு நின்றால் மறுபடியும் டிக்டேஷனில் மட்டும் குறி வரும். சொந்த எழுத்துக்கு அது போய்ச் சேர வேண்டும், அதற்கு ஒரு வழி உண்டு. என்னிடம் குன்னூரில் ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தை வந்தாள், இதே பிரச்சினை. அவள் எழுதிய பக்கத்தை அவள் கையிலேயே கொடுத்து, "இதை எழுதியிருக்கிறபடியே படி, புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும்தான் மூச்சு விடலாம்" என்றேன். முதல் இரண்டு வரி ஓடினாள். மூன்றாவது வரியில் முகம் சிவந்தது. நான்காவது வரி பாதியில் "மிஸ், செத்துருவேன்" என்று சிரித்துக்கொண்டே நோட்டை மேசையில் போட்டுவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன் பென்சிலை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஐந்து இடத்தில் வைத்தாள், ஐந்தும் சரி. உங்கள் மகனுடைய ஊட்டிப் பயணத்தை இப்படிப் படிக்க வையுங்கள். அவன் விட்ட அந்த மூன்று இடைவெளிகளையும் காட்டி, "பாரு, உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள், அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

வாரம் ஒரு நாள் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். வேண்டுமென்றே இரண்டு குறிகளை விட்டுவிடுங்கள், அவன் கண்டுபிடிக்கட்டும். போனில் பேசினால் எழுத்தாகிற வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், தமிழில் பேசினால் பல போன்கள் குறியே இல்லாமல் நீளமாக எழுதித் தரும், அதற்குக் குறி போட்டுக் கொடுப்பது அவன் வேலை.

ஆங்கிலத்துக்கும் இதே முறைதான். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் கலக்காதீர்கள், தமிழில் முற்றுப்புள்ளி பழகி ஒரு மாதம் போகட்டும். ஆங்கிலத்தில் புது வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கும், அது ஒரு துணை. தமிழில் அந்தத் துணை இல்லை, புள்ளி ஒன்றுதான் அடையாளம். இன்னொரு வித்தியாசம், "வந்தான், பார்த்தான், போய்விட்டான்" என்று முற்று வினைகளைக் காற்புள்ளியால் அடுக்குவது தமிழில் இயல்பு, ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியத்தை வெறும் கமாவால் ஒட்டினால் தப்பு என்று மிஸ் வட்டம் போடுவார். தமிழ்ப் பழக்கத்தில் அப்படி எழுதினால் திட்டாதீர்கள், வித்தியாசத்தை மட்டும் காட்டுங்கள்.

படுகு பேசுவதால் கெடுகிறதா

இல்லவே இல்லை. கடிதத்தில் எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்த வரி, "இனிமேல் வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று முடிவு செய்திருக்கிறோம், பாட்டியிடமும் சொல்லிவிட்டோம்" என்பதுதான். தயவுசெய்து அந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். படுகும் தமிழைப் போலவே திராவிட மொழி, வினை கடைசியில் வருகிற மொழி. வாக்கியம் எங்கே முடிகிறது என்ற உணர்வு அவனுக்கு முதலில் பாட்டியின் கதையில்தான் வந்திருக்கும், அந்த உணர்வைத்தான் இப்போது தமிழ் நோட்டில் விரல் அகல இடைவெளியாகப் பார்க்கிறோம். அந்தக் கதையை நிறுத்தினால் இழப்பு அவனுக்கு.

அதைவிட இதைச் செய்யுங்கள். பாட்டி படுகில் ஒரு கதை சொல்லட்டும், சின்னதாக. நீங்கள் அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள், குறி இல்லாமல். அவன் குறி போடட்டும். பாட்டி கேள்வி கேட்ட இடம், பாட்டி நிறுத்திய இடம், கதையில் யாரோ பேசிய இடம், எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்திருக்கும். தமிழில் தடுமாறுகிற மேற்கோள்குறி அங்கே சுலபமாக வரும். பிள்ளையைப் படுத்தாதே என்று சொன்ன மாமியாருக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு பங்கு கிடைக்கும்.

குறைபாடு இருக்குமோ என்ற பயம்

குறி போடாததை மட்டும் வைத்து யாரும் கற்றல் குறைபாடு என்று சொல்ல முடியாது. ஒன்பது வயதில் ஏராளமான பிள்ளைகள் இப்படித்தான் எழுதுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு சில: அவன் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டித் திணறித்தான் படிக்கிறானா, தெரிந்த சொல்லையே ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறானா, பலகையைப் பார்த்து எழுதும்போது வரி வரியாக விட்டுப்போகிறதா, எழுதினால் கை சீக்கிரம் வலிக்கிறது என்கிறானா. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை, சரளமாகப் படிக்கிறான் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். போட்டோவிலும் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்வது முறையில்லை, அதனால் மூன்று மாதம் நான் சொன்னபடி செய்துவிட்டும் அசைவே இல்லை என்றால், அல்லது மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்று இருந்தால், பரிசோதித்துவிடுங்கள்.

முதலில் கண்ணும் காதும். மலையில் சளியும் காது அடைப்பும் அடிக்கடி வருகிற பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கொஞ்ச நாள் மந்தமாகக் கேட்கும், டிக்டேஷனில் அது நேரடியாகத் தெரியும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டினால் மேற்கொண்டு யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். கற்றல் குறைபாடு என்று உறுதியானாலும் இடிந்துபோக வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று, சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு ஆள் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும்.

வெளியே நிற்க வைத்தது, அடி

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பள்ளியில் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. கமா போடாததற்காக ஒரு பீரியட் வெளியே நிற்க வைப்பதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் நாளே போக வேண்டாம் என்பது என் கருத்து. மலை ஊரில் பள்ளிகள் குறைவு, அதே மிஸ்ஸிடம்தான் இன்னும் பல மாதம் அவன் உட்கார வேண்டும், உறவு முறிந்தால் பாதிக்கப்படுவது அவன்தான். நோட்டோடு போய், "வீட்டில் இந்த மாதிரி செய்கிறோம் மிஸ், இரண்டு வாரத்துக்கு முற்றுப்புள்ளியை மட்டும் பாருங்கள், வெளியே நிற்க வைத்த பிறகு அவன் நோட்டைத் தொடவே பயப்படுகிறான்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். நிறைய ஆசிரியர்கள் இதைக் கேட்டால் இறங்கி வருவார்கள். மறுபடியும் நடந்தால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. அண்ணே, நீங்கள் அவனை எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்பது அந்த ஐஸ்கிரீம் வரியிலேயே தெரிகிறது, பயணத்தில் அவன் நினைவில் வைத்துக்கொண்டதில் அதுவும் ஒன்று. அடித்தால் அவன் புள்ளி வைப்பான், நீங்கள் நிற்கும் வரை. அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை டிக்டேஷனை நீங்கள் வாசியுங்கள். அப்பாவின் குரலில் காட்டெருமை தலையைத் தூக்கினால் அவன் இன்னும் கவனமாகக் கேட்பான்.

டியூஷன்

இப்போதைக்குத் தேவையில்லை. டியூஷனில் பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு வருவான், குறி எதற்கு என்று அவனிடம் நின்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அந்தப் பணத்தில் அவனுக்குப் பிடித்த நான்கு கதைப் புத்தகம் வாங்குங்கள், தூங்கப் போகும்போது ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று வாய்விட்டுப் படியுங்கள். அது டிக்டேஷன் கணக்கில் சேராது, நடுவில் குறி பற்றி எதுவும் கேட்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். கூடவே அவன் நோட்டிலிருந்து ஒரு பக்கம் அனுப்புங்கள், யாரும் திருத்தாத பக்கமாக.